தண்ணீர் புறப்பட்ட நேரம்

அத்தியாயம் ஒன்பது

முப்பது வருஷம் கடலில் கிடந்தவன் கடைசியில் ஒரு தொட்டிக்குள் சாவதா? நிக்கோலஸுக்கு அதுதான் முதல் கவலை. இரண்டாவது கவலை பீடி. சட்டைப் பையில் இரண்டு இருந்தன. தீப்பெட்டியை டீக்கடையில் மறந்துவிட்டான்.

தலைக்கு மேலே இருந்த இரும்பு மூடியை இன்னொரு முறை குத்தினான். சத்தம் நாலு சுவரையும் சுற்றிவிட்டு அவர்களிடமே திரும்பி வந்தது.

"போதும் அண்ணா. கை போயிரும்," என்றாள் ஜெயபாய் இருட்டுக்குள்ளிருந்து.

"போகட்டு டீச்சர். இந்தக் கைய வச்சிட்டு இனி வலையா இழுக்கப் போறேன்?"

கேரளத்தில் பாறசாலைக்குத் தெற்கே, மாநில எல்லையை ஒட்டி, பூட்டிக் கிடக்கும் முந்திரி ஆலை ஒன்றின் பின்புறம் அது. தரைக்கடியில் கட்டிய குடிநீர்த் தொட்டி. எட்டடி ஆழம். செங்குத்தான நாலு சுவர். ஏறி இறங்க ஒரே வாய். வாய்க்கு நேர் கீழே ஏணி ஊன்றுவதற்கு இரண்டேகால் அடி உயரத்தில் ஒரு சிமெண்டு மேடை. அந்த மேடையில்தான் இருவரும் நின்றார்கள். ஏணி இல்லை.

காலை பதினொரு மணிக்கு இறங்கினார்கள். தொட்டி காய்ந்து கிடந்தது. ஐந்து நிமிஷத்தில் ஏணி சரசரவென்று மேலே போனது. மூடி விழுந்தது. பூட்டு அழுந்தும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு தூரத்தில் மறைந்தது. ஏணியைப் பிடிக்கப் பாய்ந்ததில் நிக்கோலஸின் போன் கை நழுவித் தரையில் விழுந்து நொறுங்கியது.

ஜெயபாய் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் புள்ளியியல் நடத்தியவள். வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டது. பூவாரில் தன் மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டு அவளோடு சேர்ந்த நிக்கோலஸுக்கு அவளைவிட எட்டு வயது கூடுதல். அவனுக்கும் அவள் டீச்சர்தான்.

இந்த வழக்கு ஒரு கேனில் ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே தொட்டியில் குளோரினுக்குப் பதிலாக, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை யாரோ ஊற்றிவிட்டார்கள். பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கே பம்ப் ஆபரேட்டர் சிஜியைக் காணவில்லை. அவனுடைய மனைவி ரெஜிலா ஜெயபாயிடம் வந்து அழுதாள். ஆசிட்டை ஊற்றியது வேறு யாரோ, அதை மறைக்கத் தன் புருஷனைக் கொன்றுவிட்டார்கள் என்றாள். தொட்டி மூலையில் சிஜியின் செருப்பு கிடந்ததைக் கழுவ வந்தவன் பார்த்தானாம். நாளை காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீர் முறை சாயங்காலம்தான் என்று நேற்று ராத்திரி போனில் சொன்னதும் அவள்தான்.

செருப்பு இல்லை.

ஜெயபாயின் போனில் பதினோரு சதவீதம் சார்ஜ் இருந்தது. மூடியின் இடுக்கில் தூக்கிப் பிடித்தால் ஒரே ஒரு கோடு சிக்னல். முதலில் போலீஸை அழைத்தாள். எல்லையில் இருக்கும் போனுக்கு எந்த மாநிலத்து டவர் கிடைக்கும் என்பது அதன் இஷ்டம்.

"எந்த மாவட்டம்மா?"

"திருவனந்தபுரம்."

"இது தமிழ்நாடு லைன். மாத்தி விடுறேன், கட் பண்ணாதீங்க."

பிறகு இசை வந்தது. நாதஸ்வரம். சார்ஜ் ஆறு சதவீதமானபோது ஜெயபாய் துண்டித்தாள்.

"மங்களகரமா இருந்து," என்றான் நிக்கோலஸ்.

அதற்குப் பிறகு போனை அணைத்து வைத்தார்கள். நேரம் போவது தெரியவில்லை. நிக்கோலஸ் மூடியைக் குத்துவதும் ஓய்வதுமாக இருந்தான். அப்படி ஓய்ந்த ஒரு வேளையில் காலில் ஏதோ சில்லென்று பட்டது.

"டீச்சர். எனக்க காலு நனையுது."

"எனக்கும்."

தண்ணீர் வரும் குழாய் தரைமட்டம் வரை இறங்கியிருந்தது. அதனால் சத்தமில்லாமல் வந்திருந்தது. எப்போதிலிருந்து? இருட்டில் யாருக்குத் தெரியும்.

ஜெயபாய் போனை எழுப்பினாள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, குனிந்து, மேடை விளிம்பிலிருந்து தரைக்கு விட்டாள்.

"மணி பன்னிரண்டு இருபது. இருபத்தெட்டு அங்குலம்." போனை அணைத்தாள். "அஞ்சு சதவீதம். பழைய போன். எழுப்பினாலே ஒண்ணு போவுது. ஒரு கால் பண்ண ரெண்டாவது வேணும்."

"பின்னே என்ன, இப்பவே பண்ணுங்க."

"யாருக்கு?"

நிக்கோலஸ் மறுபடி மூடியைத் தடவிப் பார்த்தான்.

"யாரைக் கூப்பிட்டாலும் அவன் முதல்ல ஓடுறது மூடிச் சாவிக்கு," என்றாள் ஜெயபாய். "அது ரெண்டு பேருகிட்ட உண்டு. சிஜிக்குப் பதிலா வந்த ஆபரேட்டர் அஜேஷ். குடிநீர்க் குழுத் தலைவி லீலாபாய். இந்தத் தண்ணிய திறந்துவிட்டதும் அந்த ரெண்டுல ஒண்ணு. அந்த ஆளுக்க காதுல விழுந்தா, தொட்டிய நான் பாத்தாச்சு, உள்ள யாரும் இல்லன்னு சொல்லிரும். அதோட தீந்துது."

"அப்ப ரெண்டுல எது கள்ளன்னு தெரியணும்."

"வால்வு இருக்கது ஆத்தங்கரை பம்ப் ஹவுஸ்ல. அதுக்க சாவி பதினொன்றரை வரை அஜேஷுக்க இடுப்புல. பதினொன்றரைக்கு அவன் லீலாபாய் வீட்ல கொண்டு குடுக்கணும். இது குழுவுக்க சட்டம். தண்ணி பதினொன்றரைக்கு முன்னால வந்திருந்தா அஜேஷ். பின்னால வந்திருந்தா லீலாபாய்."

"தண்ணிகிட்ட கேக்கவா முடியும், நீ எப்ப வந்தன்னு?"

"அதாக்கும் கேக்கப் போறோம்."

சுவர் நேர். தண்ணீர் ஒரே வேகத்தில் வருகிறது. நேரத்தையும் உயரத்தையும் வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைப் பின்பக்கம் நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்தில் தண்ணீர் வந்த நேரம் இருக்கும். இதை இருட்டில் ஜெயபாய் சொன்னபோது நிக்கோலஸுக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான்: ஏன் இவள் மறுபடி பார்க்காமல் நிற்கிறாள்?

ஐந்து நிமிஷம் பொறுத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு அவள் கையிலிருந்த போனை எடுத்துப் பொத்தானை அமுக்கினான்.

"அண்ணா!"

"பன்னிரண்டு இருபத்தஞ்சு. அளங்க, அளங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தாள். முப்பது அங்குலம். இருவரும் அசைந்ததில் தண்ணீர் தளும்பியது. ஒரு அங்குலம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். முன்னால் அளந்ததும் அப்படித்தான்.

"இப்ப தெரிஞ்சுதா யாருன்னு?"

"தெரிஞ்சுது. தண்ணி பதினொண்ணே முக்காலுக்கும் வந்திருக்கலாம். விடியக்காலத்துலயும் வந்திருக்கலாம்."

"விடியக்காலம் நாம எறங்கவே இல்லியே!"

"அதான் சொல்லுதேன். ரெண்டு பார்வையும் ஒட்டி ஒட்டி வச்சா, கையில இருக்க தப்பும் ஏறின தண்ணியும் ஒரே அளவு. கோடு எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயும். ஒரு சதவீதத்த தண்ணியில விட்டாச்சு."

நிக்கோலஸ் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு சொன்னான்: "வள்ளம் ஒழுக்குல இழுபட்டுப் போவுதான்னு பாக்க நாங்க கரைய பாத்துட்டே இருக்க மாட்டோம். ஒரு பீடி பத்த வச்சு, முழுசா வலிச்சு முடிச்சு, பெறவு திரும்பிப் பாப்போம்."

"பின்னே இப்ப என்ன அவசரம்?"

"இப்ப தீப்பெட்டி இல்ல."

அவள் சிரித்தது இருட்டில் கேட்டது. சின்னச் சிரிப்பு. உடனே நின்றுவிட்டது.

"அடுத்த பார்வை தண்ணி எனக்க தொடைக்கு வரும்போ," என்றாள். "அதுவரை போன் செத்த மாதிரி. அப்ப ரெண்டுல ஒருத்தர் கோட்டுக்கு வெளிய போனா, அதோட நிறுத்தியாச்சு. போகல்லன்னா இடுப்பு வரை காக்கணும்."

"இடுப்பு. பெறவு?"

"அதுக்கு மேல சார்ஜ் இல்ல. எனக்கு நீச்சலும் இல்ல."

காத்திருந்தார்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. ஆடுசதையைச் சுற்றிக்கொண்டது. குளிர் முதலில் காலில் இருந்தது, பிறகு முதுகுக்கு ஏறியது. நிக்கோலஸ் சுவரில் கையை வைத்தான். ஈரச் சிமெண்டு. கடலில் மூழ்குகிறவன் எந்தப் பக்கமாவது நீந்தலாம். இங்கே எந்தப் பக்கம் நீந்தினாலும் நாலாவது கை வீச்சில் சுவர். மேலே ஒரு வெயில் மத்தியானம் நடந்துகொண்டிருக்கிறது, யாரோ எங்கோ சோறு பரிமாறுகிறார்கள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

"ஜெபம் பண்ணுதியளா டீச்சர்?"

"பண்ணுதேன்."

"நீங்க சபைக்காரங்க நேரா ஆண்டவருக்கே போன் போடுவீங்க. நாங்க மாதா வழியாக்கும். ஏதாவது ஒரு லைன் கெடைச்சா சரி. நாதஸ்வரம் மட்டும் வேண்டாம்."

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. ஒரு ஜெபமாலை முழுக்க விரல் விட்டு எண்ணினான். இரண்டாவதின் பாதியில் இருந்தபோது ஜெயபாய் போனை எழுப்பினாள்.

"மணி ஒண்ணே கால்."

நாடா இறங்கியது. அவள் அசையாமல், தண்ணீர் அமைதியாகும்வரை காத்து, வாசித்தாள்.

"அம்பது."

திரை வெளிச்சத்தில் அவள் உதடு மட்டும் அசைந்தது. நிக்கோலஸ் அந்த உதட்டையே பார்த்தான்.

"அம்பத்தஞ்சு நிமிஷத்துல இருபத்திரண்டு அங்குலம். அளவுல தப்பு அங்க ஒண்ணு இங்க ஒண்ணு இருந்தாலும் பதினொரு மணிக்கு முன்னால போகாது. பதினொண்ணு இருபதுக்குப் பின்னால வராது. நடுவுல பதினொண்ணு பத்து."

"பதினொன்றரை வெளியே போச்சுது."

"போச்சுது."

"இன்னொரு தடவ பாத்தா இன்னும் சரியா வருமே?"

"வரும். நமக்கு வேண்டியது சரியான மணி இல்ல அண்ணா. யாரை நம்பலாம்ங்கியது. அது கெடைச்சாச்சு. இதுக்கு மேல பாக்குதது சார்ஜுக்குக் கேடு. இந்த வேகத்துக்கு ரெண்டே முக்கால்ல தண்ணி எனக்க வாய்ல."

எல்லாம் பொருந்தியது. பதினொரு மணிக்கு மூடியைத் திறந்து கொடுத்தது அஜேஷ். ஆலை முன்பக்கம் நின்றது அவனுடைய ஸ்கூட்டர். மூடி விழுந்தபின் கிளம்பிய ஸ்கூட்டர். பம்ப் ஹவுஸுக்கு ஐந்து நிமிஷ ஓட்டம். பதினொன்று பத்துக்குத் தண்ணீர்.

ஜெயபாய் லீலாபாயின் பெயரைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் இறங்கியது.

நிக்கோலஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்ன?"

"பொறுங்க. நேத்து சாயங்காலம் நீங்க என்னைய இந்தத் தெரு பைப்படியில நிறுத்தினீங்க இல்லியா, ஊர் பேச்சு கேக்க?"

"ஆமா."

"ஊர் பேச்சு கேக்கல்ல. ஏச்சு கேட்டேன். குடத்தோட பதினஞ்சு பெண்ணுங்க. அஜேஷுக்க அப்பன் பாட்டன் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி ஏசினாளுவ. தண்ணி முறைக்கு சைரன் ஊதி அரை மணிக்கூர் பைப்பு வெறும் காத்தாக்கும் துப்புது. அஜேஷ் சைரன் கேட்ட பெறவு வால்வைத் திறக்கியான். ஆத்தங்கரையிலிருந்து இந்தக் கோடி வரை காலிக் குழாய் நெறஞ்சு வர அரை மணிக்கூர் வேணும். இந்தத் தொட்டியும் அதே கோடியிலயாக்கும்."

திரை மங்கியது. அவள் விரலால் தொட்டு எழுப்பி வைத்தாள்.

"அப்ப பதினொண்ணு பத்து தண்ணி இங்க வந்த நேரம்," என்றாள் மெதுவாக. "புறப்பட்ட நேரம் இல்ல."

"புறப்பட்டது பத்து நாப்பது."

"பத்தரைக்கும் பத்து அம்பதுக்கும் நடுவுல எங்கயோ." அவள் குரல் மாறியிருந்தது. "அப்ப அஜேஷ் எங்க இருந்தான்?"

நிக்கோலஸ் அவள் மணிக்கட்டை விட்டான்.

"நமக்க முன்னால. பத்தே காலுக்கு அவனுக்க வீட்ல போய் உக்காந்தோம். மூடிச் சாவிய பதினொண்ணு ஆவப் போற வரை தேடினான். அவனுக்க பெண்டாட்டி சாயா தந்தா. நான் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சேன். பம்ப் சாவி அவனுக்க இடுப்புல கெடந்து கிலுங்கீட்டு இருந்து."

"அவனுக்கு சாட்சி நாம ரெண்டு பேரு," என்றாள் ஜெயபாய். "லீலாபாய் கையில அப்ப சாவியே இல்ல."

"பின்னே எந்தச் சாவி திறந்து?"

தண்ணீர் இடுப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் அதை மறந்திருந்தார்கள்.

"மூணாவது ஒண்ணு உண்டு," என்றாள் அவள். "காணாமப் போனவன் சாவியோடதானே போனான்."

"சிஜியா?"

"பைப்படியில பெண்ணுங்க சிஜியைப் பத்தி ஏதும் சொன்னாளுவளா?"

"சொன்னாளுவ. ஒம்பது வருஷம் அவன் ஆபரேட்டரா இருக்கும்போ சைரன் ஊதினா குடத்துல தண்ணி விழும். அவன் அரை மணிக்கூர் முன்னாலயே போய் திறந்து விடுவானாம்." சொல்லி முடித்ததும் நிக்கோலஸ் தன் வாயாலேயே அடிபட்டவன்போல் நின்றான். "எனக்க மாதாவே."

"அஜேஷ் நம்மளைக் கொல்லணும்னா மூடிய அடச்ச பெறவு போய் திறப்பான். லீலாபாயும் அப்படித்தான். நாம பதினொரு மணிக்கு எறங்குவோம், அதுக்கு அரை மணி முன்னால திறக்கணும்னு தோணுதது ஒரே ஒரு ஆளுக்கு. கை பழக்கம். அது அவனை விடல்ல."

"நாம தேடின ஆளு நம்மளத் தேடி வந்திருக்கான். கொள்ளாம்."

"பதினொரு மணின்னு நாம யாருக்கும் சொல்லல்ல. நமக்கு சொன்னது ஒருத்தி."

பெயரை அவள் சொல்லவில்லை. நிக்கோலஸுக்குத் தேவைப்படவும் இல்லை. நேற்று ரெஜிலாவின் அடுக்களையில் ஒரு கிலோ சாளை மீன் கழுவி வைத்திருந்ததையும், ஒற்றை ஆளுக்கு இத்தனை மீனா என்று தான் பொறாமைப்பட்டதையும் நினைத்துக்கொண்டான்.

"நேத்து நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"சிஜி செத்துப் போனான்னு எனக்குத் தோணல்லன்னு சொன்னேன்."

"ராத்திரியே போன் வந்தாச்சு."

"ஆசிட்ட ஊத்தினது சிஜிதான். செத்தவன் மேல கேஸ் நிக்காது. நாம இங்க முங்கிச் செத்தா அதுவும் அஜேஷ் தலையில. ஆள் எறங்கினதைப் பாக்காம தண்ணி விட்டுட்டான், ஆசிட்டும் இவனுக்க கைதான்னு ஊரே சொல்லும்."

திரையில் இரண்டு என்று சிவப்பாக இருந்தது. லீலாபாய் பெயரை விட்டு விரல் மேலே போய் அஜேஷில் நின்றது. நிக்கோலஸ் குனிந்து அவள் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினான். காதில் வைத்த போன் மூடியின் இடுக்கைத் தொட்டது. மணி அடித்தது. மூன்று. நாலு.

"யாரு? டீச்சரா?" அஜேஷின் குரல். வாயில் சோறு இருந்தது. "நீங்க அப்பவே ஏறிப் போயாச்சுன்னு ரெஜிலா அக்கா சொன்னாவளே. நான் முன்பக்கம் போன்ல நின்னேன். அவிய வந்து, அவங்க போயாச்சு, நீயும் வீட்டுக்குப் போன்னு சொன்னாவ. அதான் நானும்..."

"அஜேஷே, தொட்டிக்குள்ள நிக்கோம். தண்ணி ஏறுது. சாவி எடுத்துட்டு..."

திரை அணைந்தது.

கேட்டிருப்பானா? எவ்வளவு கேட்டிருப்பான்? நிக்கோலஸ் அவளை இறக்கவில்லை. அவள் இறக்கச் சொல்லவும் இல்லை. தண்ணீர் அவன் தொடையை மூடியது. இடுப்பைத் தொட்டது. அவன் பிடியை இறுக்கிக்கொண்டான். கனம் தாங்காமல் அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேலே காலடிகள் கேட்டன. ஒன்றல்ல, பல. பூட்டு கிலுங்கியது.

மூடி திறந்தபோது வெளிச்சம் கண்ணில் அறைந்தது. ஓடிவந்த மூச்சோடு அஜேஷ். அவனுக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்தபடி லீலாபாய். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர். எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து முட்டி போட்டது ரெஜிலா. அவள் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது.

"அய்யோ எனக்க டீச்சரே! யாரு இந்தப் பாவத்தைச் செஞ்சது! பிடிங்க, எனக்க கையைப் பிடிங்க!"

ஜெயபாய் பிடித்தாள். அஜேஷ் மறுபக்கம் இழுக்க, நிக்கோலஸ் கீழிருந்து தள்ள, அவள் வெயிலுக்குள் வந்து விழுந்தாள். சேலை முழுக்கத் தண்ணீர். உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள்.

"அஜேஷே."

"சொல்லுங்க டீச்சர்."

"இந்த ஆளுங்களைக் கூட்டீட்டு பம்ப் ஹவுஸுக்குப் போங்க. ஸ்கூட்டர் வேண்டாம், சத்தம் கேக்கும். உள்ள ஒரு ஆள் இருப்பான். தொட்டி நெறையியது வரை வால்வை விட்டு நகர மாட்டான்."

"யாரு?"

ரெஜிலாவின் இடது கை இடுப்பில் செருகியிருந்த போனை நோக்கி நகர்ந்தது. ஆனால் தொட்டி வாயிலிருந்து நீண்ட ஒரு ஈரக் கை அதற்கு முன்னால் அங்கே போயிருந்தது.

"எனக்க போன் ஒடஞ்சு போச்சு அம்மணி," என்றான் நிக்கோலஸ், பாதி உடம்பு இன்னும் தொட்டிக்குள் இருக்க. "கொஞ்ச நேரத்துக்கு இதைத் தாங்க."

லீலாபாய் ரெஜிலாவைப் பார்த்தாள். அஜேஷ் பார்த்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். ரெஜிலா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"விடுங்க டீச்சர்," என்றாள். குரலில் அழுகை இல்லை. "கை வலிக்குது."

ஜெயபாய் விடவில்லை.